புதர் இருந்த இடம்

வண்டியை விட்டு இறங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முள்புதர்கள் வரிசையாக நின்ற இடம் மழித்துவிட்டாற்போல் வெறும் மணலாகக் கிடந்தது. அதன் நடுவே பொக்லைன் போன தடம்.

சில வருஷங்களாக இந்தப் பாலைவன ஓணான்களைத்தான் அவள் ஆராய்ந்துவருகிறாள். வெயில் கூடக்கூட அவை வெளியே திரியும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. வியர்க்கத் தெரியாத உடம்பு. சூடு பொறுக்காவிட்டால் நிழலுக்கு ஓடும், நிழலும் சுட்டால் வளைக்குள் போய்விடும். வளைக்குள் உயிர் தங்கும், வயிறு நிறையாது. வயிறு காய்ந்த பெட்டை முட்டையிடாது. வளையை விட்டு வந்து நின்று இரை பிடிக்க அந்தப் புதர் நிழல் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

சாலை போடும் இன்ஜினியர் அவளுடைய அண்ணன். முட்டையிட்டு முடிகிறவரை புதர்களில் கை வைக்கமாட்டேன் என்று சொன்னவனும் அவன்தான். லாரிப் பக்கத்தில் நின்றவனிடம் நேராகப் போனாள்.

"ஒரு மாசம்தானே கேட்டேன்."

"நான் என்ன பண்ணட்டும்? மேல இருந்து நெருக்குறாங்க. மழைக்கு முன்னாடி முடிக்கணுமாம்."

"இங்க எப்ப அண்ணா மழை பெஞ்சுது?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்ல."

"பண்ணா நீ வந்து வண்டி முன்னாடி படுத்துப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

உண்மைதான். அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? இவனைத் திட்டினால் புதர் முளைக்குமா?

அவன் லாரியிலிருந்து பச்சை வலையும் நாலு கம்புகளும் எடுத்துவந்தான். பந்தல் போட்டுக்கொடுக்கிறானாம். ஒரு கம்பை ஊன்றினால் இன்னொன்று சாய்ந்தது. மணல் பிடிகொடுக்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் போய் ஒரு கம்பைப் பிடித்தாள். காற்று வலையைச் சுருட்டி இருவர் முகத்திலும் அறைந்தது.

"விடு அண்ணா. போதும்."

அப்போதுதான் ஒரு வளையிலிருந்து பெட்டை ஓணான் ஒன்று வெளியே வந்தது. பழக்கத்தில் புதர் இருந்த இடத்துக்கு ஓடி, நின்றது. நிழல் இல்லை. சுடுமணலில் ஒரு காலைத் தூக்கி மறுகாலை ஊன்றியது. அந்தப் பக்கம் ஓடியது, இந்தப் பக்கம் ஓடியது. பிறகு நேராக வந்து அண்ணனின் நிழலில் ஒண்டிக்கொண்டது.

"அசையாதே," என்றாள் மெதுவாக.

அவன் கம்பைப் பிடித்தபடியே நின்றான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

"எவ்வளவு நேரம்மா?"

ஓணான் நாக்கை நீட்டி ஓர் எறும்பைப் பிடித்து விழுங்கியது. வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவன் நிழல் குறுகக் குறுக, அது ஷூவை ஒட்டி நகர்ந்துகொண்டே வந்தது.