இருபது டிரம் சிவப்பு

வெளிநாட்டுச் சுங்கத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்தபோது பொற்கொடிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. நகரியத்துக் குவார்ட்டர்ஸில் நாலரைக்கு எழுந்து, மைன்ஸுக்கு முதல் ஷிஃப்ட் போகும் புருஷனுக்குச் சோறு கட்டி, கம்மாபுரம் ரோட்டில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஸ்கூட்டி ஓட்டி, ஈய ஆக்ஸைடு கம்பெனியின் ஆபீஸ் அறையில் ஃபேனைப் போடுவதற்குள்ளேயே அவளுக்கு ஒரு நாள் தீர்ந்துவிடும். மீதியைக் கடனே என்றுதான் ஓட்டுவாள்.

கேள்வி என்னவோ ஒரு வரிதான். நீங்கள் அனுப்பிய இருபது டிரம்மில் இருப்பது மஞ்சளா, சிவப்பா?

மஞ்சள் என்பது லித்தார்ஜ், ஈயத்தை எரித்தால் வரும் தூள். அதையே உலையில் கொட்டி, பன்னிரண்டு மணி நேரம் கிளறிக் கிளறி வறுத்தால் சிவந்துபோகும். அதற்கு ரெட் லெட் என்று பெயர். சுங்கப் பட்டியலில் இரண்டுக்கும் தலைப்பு ஒன்று, கடைசி எண்கள் மட்டும் வேறு. பொற்கொடி சிவப்பின் எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தாள். பார்த்துப் போட்டாள் என்று சொல்ல முடியாது. அந்த ஆபீஸில் எந்தக் காகிதமும் புதிதாகப் பிறந்ததில்லை. போன தடவை ஃபைலைத் திற, தேதியை மாற்று, பில் நம்பரை மாற்று, சேவ் பண்ணு. அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

அங்கே டிரம்மைத் திறந்து சோதித்தவர்கள் பாதிக்குப் பாதி மஞ்சள் என்கிறார்கள். சிவப்புதான் என்றால் உலைப் பதிவேட்டை அனுப்புங்கள், இல்லையென்றால் எண்ணை மாற்றுங்கள், மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

மேனேஜர் லியோ சார் கடிதத்தைப் பாதிவரை படித்தார். “ரெட்டுன்னே போடும்மா. ஷிஃப்ட் புக்குல நேரத்த சரி பண்ணி ஸ்கேன் எடுத்து அனுப்பிடு. எண்ண மாத்துனா வாங்குன பார்ட்டி சரக்கத் திருப்பிடுவான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். அதுவும் இருபது பூசணிக்காய்.

பொற்கொடி ஷிஃப்ட் புக்கை எடுத்தாள். அந்தச் சரக்கு காலை ஆறு மணிக்கு உலையில் ஏறி, மத்தியானம் ஒரு மணிக்கே இறங்கியிருந்தது. உலையாள் கொளஞ்சிநாதன். முன்பக்கங்களைப் புரட்டினாள். நாலு மாதமாக அவர் ஷிஃப்டில் ஏறியதெல்லாம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இறங்கியிருந்தது. எல்லாமே அரைவேக்காடு. இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார், படிக்கத்தான் ஆளில்லை.

கொளஞ்சிநாதன் மைன்ஸில் பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, பர்மனென்ட் ஆகாமலே வெளியே வந்தவர். ஐம்பது வயது. அவள் போனபோது உலைக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது.

“அண்ணே, அந்த இருபது டிரம் சரக்குல பாதி மஞ்சள்னு எழுதிக் கேட்டிருக்காங்க. ஏன் ஒரு மணிக்கே இறக்குனீங்க?”

“வவுறு முறுக்கிக்கினு வருதுங்க. அரை மணிக்கு ஒருக்கா கம்பியப் போட்டுக் கெளறணும். கம்பியத் தூக்குனா கை தொங்கிப் போவுது. கெளறாம வுட்டா கட்டி தட்டிடும். அதான் வந்த வரைக்கும் போதும்னு இறக்கிட்டேன்.”

“லேப்ல சரின்னுதானே வந்துச்சு?”

“சாம்பிள நெருப்புக்கிட்ட இருந்து அள்ளிக் குடுப்போம். எப்பவும் அப்படித்தான். அங்கதான் நல்லா செவந்திருக்கும்.”

வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுவரை நேராக நின்றது, அதற்கப்பால் வாடிய கீரைத்தண்டு மாதிரி மடங்கிக் கிடந்தது.

“ஏப்ரல் வரைக்கும் ஓட்டிட்டா எம் பொண்ணு ஹரிணி நர்சிங் முடிச்சிடும். ரத்தத்துல ஈயம் ஏறிக்கிச்சின்னு தெரிஞ்சா ரெஸ்ட்டுன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெஸ்ட்டுல போனவன எவனத் திரும்பக் கூப்புட்டாங்க? செவப்புன்னே எழுதிடுங்கம்மா.”

எழுதிவிடலாம் என்றுதான் அவள் திரும்பி வந்தாள். ஒரு மனுஷனின் பிழைப்பைவிட யாரோ ஊர்பேர் தெரியாத அதிகாரியின் எண் பெரிதா? ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்று உறுத்தியது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுக்கிறார்களே, இவருக்கு ஈயம் ஏறியது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது?

ரத்தப் பரிசோதனை ஃபைலைத் திறந்தாள். கொளஞ்சிநாதனுக்குப் போன ஆறு மாதத்து அளவும் அதற்கு முந்தைய அளவும் ஒன்றே. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கூட மாறவில்லை.

அப்புறம் ஞாபகம் வந்தது. ரத்தம் எடுக்கும் முகாம் அன்று அவர் வரவில்லை. இரண்டு நாளில் இன்ஸ்பெக்‌ஷன். இவள் பழைய ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, மற்றவர்களின் புது அளவுகளை ஏற்றி, அவர் வரிசையை இருந்தபடியே விட்டுவிட்டாள். காலியாக விட்டால் கேள்வி வரும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் அதை மறந்தும் போனாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே கிளம்பிய பூதத்துக்கு அவள் முகம்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அந்தக் கையோடு அவரை ஏப்ரல் வரைக்கும் உலை முன்னால் நிறுத்த இன்னொரு பொய்யும் அவளே எழுத வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

நாலே முக்காலுக்குப் பதில் அனுப்பினாள். சரக்கு முழுதாக வறுபடவில்லை, சிவப்பு என்று எழுதியது எங்கள் தவறு, எண்ணை மாற்றிக்கொள்ளவும். புக்கின் பக்கத்தைத் திருத்தாமல் இணைத்தாள். அனுப்பிய பிறகுதான் லியோ சாரிடம் போய்ச் சொன்னாள், ரத்தக் கணக்கையும் சேர்த்து.

அவர் சத்தம் போடவில்லை. “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல,” என்றார். பிறகு, “நாளைக்கே அவருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லு,” என்றார்.

ரிசல்ட்டில் ஏறியிருந்த ஈயத்தின் அளவைப் பார்த்த டாக்டர் நம்பாமல் இரண்டாவது தடவையும் எடுக்கச் சொன்னார். அளவு மாறவில்லை. வயிறு சரியாகிவிடும், கை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். லியோ சார் சொன்னபடியே வாங்கியவர்களும் சரக்கைத் திருப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் கொளஞ்சிநாதன் ரெஸ்ட் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தார். பேனா விரலிடுக்கில் நிற்காமல் இரண்டு தடவை மேஜையில் விழுந்தது. பொற்கொடி வேறு வழியில்லாமல் மைப்பெட்டியைத் திறந்தாள்.

“நான் பத்தாவது வரைக்கும் படிச்சவங்க,” என்றார்.

“தெரியும்ணே.”

கட்டைவிரலைப் பிடித்து அவளே உருட்டி எடுத்தாள். துணியால் மையைத் துடைத்துவிடும்போது, முகாம் அன்று தான் செய்ததைத் தலை நிமிராமல் சொல்லி முடித்தாள்.

“அன்னிக்கு நாந்தானே வராம நின்னுட்டேன்,” என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார்.

“அந்த எடத்த வெறுமன வுட்டிருந்தா, யாராச்சும் என்னத் தேடிக்கினு வந்திருப்பாங்க, இல்லீங்களா?”

அதில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஆமாண்ணே,” என்றாள் பொற்கொடி.