நாற்பத்தோராவது நிமிடத்துச் சத்தம்

"நாப்பத்தோராவது நிமிஷத்துல 'தடாலென்று ஏதோ விழுகிறது'ன்னு போட்டிருக்கியே, அங்க ஒண்ணுமே விழலையேம்மா. ஒரு ஆளு உக்காந்து பேப்பர் படிக்கிறான், அவ்வளவுதான்" என்றாள் பூதக்கண்ணாடி. நான் எழுதுவதையெல்லாம் சரிபார்க்கிற அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

காது கேளாதவர்களுக்காகப் படங்களின் சத்தத்தை எழுத்தில் போடுவது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். எதற்கெடுத்தாலும் 'பலத்த சத்தத்துடன்' என்று எழுதித் தள்ளுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கதவு சாத்தினால் படார். குழாய் வெடித்தால் டமார். மூட்டை விழுந்தால் பொத். கனமான ஒன்று, எதிர்பாராமல், மொத்தமாகத் தரையில் சாய்ந்தால்தான் தடால். இதில் நான் தவறியதில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கோப்பைத் திறந்து அந்த இடத்தை மூன்று முறை ஓடவிட்டேன். பேப்பர் புரளும் சத்தம் மட்டும்தான். பிறகு அந்த வரியை எழுதிய தேதியைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி ஐந்து நிமிடம்.

அன்றுதான் அப்பா குளியலறையில் விழுந்தார். நான் இரண்டு அறை தள்ளி, காதில் ஹெட்போனோடு இருந்தேன். நாலு மணிக்கு டீ போட எழுந்தபோதுதான் பார்த்தேன். "சத்தமே வரல. செவுத்தப் புடிச்சுக்கிட்டு மெதுவா சரிஞ்சேன். அவ எப்படிக் கேட்டிருப்பா?" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அவரே முந்திக்கொண்டு சொன்னார். அண்ணன்கூட அதற்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை நம்பித்தான் மூன்று வாரமாகத் தூங்கினேன். ஆனால் எனக்குக் கேட்டிருக்கிறது. கேட்டு, எந்தச் சத்தம் என்று பொறுக்கியெடுத்து, பிழையில்லாமல் எழுதியும் வைத்திருக்கிறேன்.

அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அவர் குரல் இருக்க ஹாரன் எதற்கு என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

"அப்பா, அன்னிக்கு நீங்க மெதுவா விழலதானே?"

என் முகத்தைப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"எனக்குக் கேட்டிருக்குப்பா. படத்துல வர்ற சத்தம்னு நெனச்சு எழுதிட்டேன்."

"சரி விடு."

"என்னைக் கூப்பிட்டீங்களா?"

போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். வெட்கத்தில் என் காது மடல் எரிந்தது.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன். அப்புறம், நீ வேலையா இருக்கியேன்னு விட்டுட்டேன்."

நான் கட்டிலோரம் நின்றேன். அப்பா கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாக ஒரு சாண் நகர்த்தி வைத்தார். கட்டிலில் நான் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.