கல்லறைத் தோட்டத்துச் சிரிப்பு

ஐம்பத்திரண்டாம் வருஷம், அண்ணன் ஞானையனைக் குழிக்குள் இறக்கும்போது ரசலையன் சிரித்துவிட்டார். வாய்க்குள் அடக்கிய சிரிப்பா என்றால் அதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் சிரிப்பதுபோல வயிறு குலுங்கச் சிரித்தார். உபதேசியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார். மண் அள்ளியவர்கள் கையில் மண்ணோடு அப்படியே நின்றார்கள்.

மனைவி செல்லபாய்க்கு மேலெல்லாம் எரிந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்தே மனிதருக்கு வலது கையும் காலும் விளங்காது, பேச்சு குழறும். அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. இதை யார் பொறுப்பார்கள்? தோளைக் கிள்ளிப் பார்த்தாள், சிரிப்பு கூடியது. அவ்வளவு சனத்துக்கு முன்னால் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடியை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சிரித்துத்தான் ஓய்ந்தார்.

அடுத்த வாரம் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புத்தி பிசகிவிட்டதா என்று கேட்கத்தான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: சிரிப்பும் அழுகையும் கிளம்புவது மூளையில், இடம் பார்த்து அடக்குவதும் மூளைதான். வாதம் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது. உள்ளே துக்கம் முட்டினாலும் முகம் சிரிக்கும். சும்மா இருக்கும்போது கண்ணீர் கொட்டும். புத்திக்கு ஒரு கேடும் இல்லை, எல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தக் கடைசிப் பேச்சு செல்லபாயைப் போட்டு அறுத்தது. ஆனாலும் ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே! அவரை வீட்டில் விட்டுவிட்டு, ஞானையனின் மனைவி பூங்கனியிடம் ஓடினாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"இவரு அத்தான நெனச்சுச் சிரிக்கல்லக்கா. வாதத் தீனம் செய்த வேலையாக்கும். மனசுல வைக்காதீங்க."

பூங்கனி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அது தீனம்னு எனக்கு அப்பமே தெரியும். அவரு கண்ணப் பாத்தா தெரியாதாட்டி? நீ அடிச்சதுதான் எனக்குப் பொறுக்கல்ல. அண்ணனக் குழியில வச்சிட்டு நிக்கிற மனுசன். எங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தா உன் கையப் பிடிச்சிருப்பாரு."

காப்பி குடித்துவிட்டுப் போகப் பூங்கனி சொன்னது காதில் விழாமலே செல்லபாய் திரும்பினாள்.

கட்டிலில் இருந்த ரசலையன் இவளைக் கண்டதும் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் சொன்ன சும்மா அழுகைதான் இது என்று செல்லபாய் மனதைத் தேற்றிக்கொண்டாள். கண்ணீரைத் துடைக்கப் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினாள்.

அவர் சட்டென்று பின்னால் ஒதுங்கி, விளங்குகிற ஒரு கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டார்.

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் செல்லபாய் நின்றாள்.