இன்றைக்குக் கேள்வி இல்லை

சக்தியின் லேப்டாப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் மாமா. கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்போம் என்று மனிஷா திறந்தாள். செஸ் ஓப்பனிங்குகளை, ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, மனப்பாடம் செய்ய அண்ணன் வைத்திருந்த மென்பொருள் தானாக எழுந்து, கேள்விகள் மலைபோலப் பாக்கி இருப்பதாகச் சொன்னது. நஞ்சன்கூடு ரோட்டில் லாரி மோதி அவன் போன நாளிலிருந்து யாரும் பதில் சொல்லாத கேள்விகள். சக்திக்குப் பாக்கி வைப்பது பிடிக்காது. மனிஷா உட்கார்ந்தாள்.

பலகையில் ஓர் ஆட்டம் பாதியில் நிற்கும். அடுத்த நகர்த்தல் என்ன? சரியாக நகர்த்தினால் பச்சை. அந்தக் கேள்வி சில நாள் கழித்துத்தான் வரும். மறுபடியும் சரி என்றால் சில மாதம் கழித்து. தப்பென்றால் சிவப்பு, நாளைக்கே திரும்பி வந்து நிற்கும்.

அவளுக்குக் காய்கள் நகரும் விதம் மட்டும் தெரியும். ராணியை நகர்த்தினாள். சிவப்பு. கீழே ஒரு குறிப்பு வந்தது. தப்புச் செய்யும்போது படிக்கவென்று சக்தி தனக்குத்தானே எழுதி வைத்தது.

'டேய், ராணிய தனியா அனுப்பாதே. அவ என்ன கோயிலுக்கா போறா?'

மனிஷா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அம்மா உமாதேவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன புள்ள?"

"அண்ணன் திட்டறான்மா." படித்துக் காட்டினாள்.

"மறுக்கா சொல்லு."

அன்றிலிருந்து, மனிஷா ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள்: "இன்னிக்கு என்ன சொன்னான்?"

அந்த மாதங்களில் சக்தி நிறையப் பேசினான். 'குதிரைய ஓரத்துல கட்டினா புல்லு யாரு போடுவா?' 'திரும்பவும் அதே தப்பா? சாமுண்டி மலை படி ஏறிட்டு வா, புத்தி வரும்.' அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். "மலையேறச் சொல்றான் பாரு! அவன் மாடிப்படி ஏறவே மூக்கால அழுவான்."

ஆனால் மனிஷாவுடையது கல்லூரியில் வேதியியல் சமன்பாடுகளை விழுங்கிய மூளை. யாரும் கேட்காமலே கற்றுக்கொண்டது. பச்சை மேல் பச்சையாக விழுந்தது. கேள்விகள் அடுத்த மாதத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் விலகிப் போயின. அவள் தேறத் தேற, அவன் வாய் அடங்கியது.

வேண்டுமென்றே தப்பாக நகர்த்திப் பார்த்தாள். பழைய குறிப்பே வந்தது.

"இதப் போன மாசமே சொல்லிட்டானே," என்றாள் அம்மா. அவளும் எதையும் மறப்பவள் இல்லை.

ஒரே ஒரு ஓப்பனிங் மிச்சம் இருந்தது. தன் கடைசி வாரத்தில் சக்தி சேர்த்தது. மனிஷா அதைத் தொடாமல் வைத்திருந்தாள். சங்கராந்திக்கு முந்தைய சாயங்காலம் அதைத் திறந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து, ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

தப்பாக நகர்த்தினாள். சிவப்பு. கீழே வெற்றிடம். வேறொரு தப்பு. வெற்றிடம். யானை, மந்திரி, ராஜா, எதை எங்கே தப்பாக வைத்தாலும் வெற்றிடம். நகர்த்தல்களை மட்டும் போட்டு வைத்திருக்கிறான். குறிப்புகளை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான்.

இன்றைக்குக் கேள்வி இல்லை, என்றது திரை.

"என்ன புள்ள சொன்னான்?"

மனிஷா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவசரப்படாதே தங்கச்சி, ராஜா எங்கயும் ஓடிட மாட்டாருங்கறான்."

அம்மாவின் விரல்களிலிருந்து ஒரு பருப்பு துள்ளித் தரையில் விழுந்தது.

"தங்கச்சியா? மூட்டப்பூச்சிங்காம உன்ன என்னிக்காவது கூப்பிட்டிருக்கானா அவன்?"

அம்மா பருப்பைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, பாத்திரத்தில் போட்டாள்.

"ஆயித்து புள்ள. மூடி வை."

மறுநாள் மனிஷா செருப்பைக் கழற்றியபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. நேற்றைய சிவப்புகளோடு பழைய கேள்வி ஒன்றும் வந்திருந்தது; ராணியைப் பற்றியது. அதைச் சரியாகவே நகர்த்தினாள். பச்சை வந்தது. மென்பொருள் அதை இரண்டு வருடத்துக்கு அப்பால் தள்ளி வைத்தது.