வெளியே தைத்த ஜன்னல்

"அக்கா, அது வீடில்ல. தீப்பெட்டி" என்றான் தம்பி.

"தீப்பெட்டிக்குக்கூட இழுத்து மூட ஒரு வழி இருக்கு. எனக்கு அதுகூட இல்லையேப்பா" என்றாள் டேப்பு அக்கா.

கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி திரும்பமாட்டாள். நாற்பது வருடத் தையல். கணவர் போனபின் பதினோரு வருடமாகத் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். தம்பி தங்கமானவன். அவன் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசு அதைவிடப் பெரிசு. சாப்பாட்டுக்கோ மரியாதைக்கோ குறை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

குறை ஒன்றே ஒன்று. அவளுடைய அறை குளியலறைக்குப் போகும் வழியில் இருந்தது. துண்டோடு தம்பி போவான், வாளியோடு அவன் மனைவி போவாள், வீட்டுக்கு வந்த விருந்தாளி "நீங்க தைங்க, தைங்க" என்று சொல்லிக்கொண்டே போவார். இரண்டு பக்கமும் கதவு இருந்தும் அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டதில்லை. போட்டால் வீடே குளிக்காமல் நிற்கும்.

தம்பியின் லாரி ஷெட்டுக்குப் பின்னால் அந்த மரக் கேபின் கிடந்தது. ரோடு போட வந்த கம்பெனி, இன்ஜினியர் உட்காருவதற்காகக் கொண்டுவந்து இறக்கியது. ரோடு முடிந்ததும், திரும்ப ஏற்றிப்போகிற கூலி அதன் விலையைவிட அதிகம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டது. பதினோரு அடி நீளம், ஒன்பது அடி அகலம், பலகைச் சுவர், தகரக் கூரை. ஜன்னலுக்கு இரண்டு ஓட்டை இருந்தது, ஜன்னல் இல்லை. உள்ளே தேய்ந்த டயர்களும் அவற்றின்மேல் புறாக்களும்.

பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் அதற்கு விலை பேசி, மாதக் கடைசியில் லாரியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் டேப்பு அக்கா வாயைத் திறந்தாள். அதை எனக்குக் கொடு, நானே சரி பண்ணிக்கொள்கிறேன், உன்னிடம் காசு கேட்கமாட்டேன் என்றாள். தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. அக்காவை டயர் ரூமில் போட்டுவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்றான். அந்த நாலு பேரா என் ரூம் வழியாகக் குளிக்கப் போகிறார்கள் என்று கேட்டாள் அவள். இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் அவன் இறங்கிவந்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"மாசக் கடைசிக்குள்ள எப்படியும் ஒரு மழை வரும். அப்ப நான் வந்து உள்ள உட்காருவேன். ஒரு சொட்டு என் மேல விழுந்தாலும் கேபின் லாரியில ஏறிடும். நீ பேசாம பழைய ரூமுக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம். கட்டாந்தரையா உட்காரவேண்டாம், உனக்கு ஒரு பெஞ்ச் போட்டு வைக்கிறேன்."

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தம்பி மனைவி முதல் டயரை உருட்டினாள். மூன்றாவது டயரில் புறா ஒன்று அவள் தோளில் அடையாளம் வைத்துவிட்டுப் பறந்தது. அதன்பிறகு அவளுக்கு அது சொந்தப் பகையாகிவிட்டது. சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாக இரண்டு பேரும் நாலு நாள் தேய்த்தார்கள். அழுக்குக்கு அடியிலிருந்து பலகையின் நிறம் வெளியே வந்தது.

கூரைக்கு டேப்பு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். உச்சி வெயிலில் உள்ளே போய்க் கதவுத் திறப்பிலும் ஜன்னல் ஓட்டைகளிலும் சாக்கைத் தொங்கவிட்டு அண்ணாந்து பார்த்தாள். துருப்பிடித்த ஆணி ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரிந்தன. துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். நாற்பத்து மூன்று. அவள் உள்ளேயிருந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பின்னல் ஊசியை விட்டு மேலே நீட்டுவாள். ஏணியில் நிற்கும் தம்பி மனைவி ஊசி தலைகாட்டுகிற இடத்தில் தாரைப் பூசி, கித்தான் துணியில் வெட்டிய வில்லையை ஒட்டி, அதன்மேல் மறுபடியும் தாரைப் பூசுவாள். கித்தான், கடைப் பந்தல்கள் தைத்ததில் மிஞ்சிய வெட்டுத் துண்டு. தகரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் பேசிக்கொண்டது லாரி ஷெட் வரைக்கும் கேட்டது. வலது பக்கம் நாலு விரல் தள்ளி என்பாள் ஒருத்தி. உங்கள் வலதா என் வலதா என்பாள் மற்றவள்.

பெயின்டு வாங்கவில்லை. பெயின்டர் ஒருவரின் பிள்ளைகளுடைய பள்ளிக்கூட உடைகளை அவள் ஆல்ட்டர் செய்துகொடுத்திருந்தாள். அவர் அதற்குப் பதிலாக மீந்துபோன டப்பாக்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆஸ்பத்திரிப் பச்சை கொஞ்சம், பள்ளிக்கூட மஞ்சள் கொஞ்சம், யார் வீட்டுக் குளியலறைக்கோ அடித்த வெள்ளை அரை டப்பா. எதுவும் ஒரு சுவருக்குக்கூடப் போதாது. எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கினாள். கிளிக்குஞ்சுக்கு முதல் இறகு முளைக்கிறபோது இருக்குமே, அந்த மாதிரி ஒரு வெளிர் நிறம் வந்தது. கலக்கியது தீர்ந்தால் மறுபடி அதே நிறம் வராது என்பதால் ஒரு சொட்டு சிந்தாமல் நாலு சுவருக்கும் இழுத்துப் பூசினாள். கடைசி மூலைக்குத் தூரிகையைத்தான் பிழிந்தாள்.

கதவும் ஜன்னலும் தச்சர் பொறுப்பு. அவர் கடையில் உடைந்த பள்ளிக்கூட பெஞ்சுகள் குவிந்து கிடந்தன. அந்தப் பலகையில் செய்தால் கூலி மட்டும் போதும் என்றார். அந்தக் கூலிக்கும் பாதி, அவர் மனைவியின் கடைக்குத் திரைச்சீலை தைத்துத் தருவதாகப் பேச்சு. கதவுக்குப் பழைய தாழ்ப்பாள் ஒன்று கிடக்கிறது, போட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டபோது மட்டும் டேப்பு அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

"எல்லாம் பழசா இருக்கட்டும் அண்ணே. தாழ்ப்பாள் மட்டும் புதுசு. நானே கடையில பாத்து வாங்கிட்டு வரேன்."

அவள் வாங்கிவந்தது பித்தளை. கேபினுக்காக அவளே கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்கிய பொருள் அது ஒன்றுதான். ஏழு தாழ்ப்பாள்களை எடுத்து எடுத்துத் தள்ளிப் பார்த்து, சத்தம் பிடித்ததை வாங்கினாள் என்று கடைக்காரர் பிறகு சொன்னாராம்.

ஜன்னல்கள் வந்த அன்றுதான் இடி விழுந்தது. தச்சர் கைவண்டியிலிருந்து முதல் ஜன்னலைத் தூக்கி ஓட்டையில் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. இரண்டாவதும் அப்படியே. அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். டேப்பு அக்காவின் கையெழுத்து. உயரம் முப்பத்தெட்டு இஞ்ச், அகலம் முப்பத்திரண்டு. அவள் கழுத்து டேப்பை உருவி ஓட்டையை அளந்தாள். முப்பத்தாறு, முப்பது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உடம்பை அளந்தால் தையலுக்கென்று பக்கத்துக்கு ஓர் இஞ்ச் சேர்த்துத்தான் எழுதுவாள். நாற்பது வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமல் கையே கூட்டி எழுதிவிடும். இங்கேயும் எழுதிவிட்டது.

தம்பி விஷயம் கேட்டு வந்து சிரித்த சிரிப்பில் டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஜன்னலுக்கு யாராவது தையல் விடுவாங்களா அக்கா? நாளைக்கு ஜன்னல் குண்டாயிட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னா?"

தம்பி மனைவியும் சிரிக்கத்தான் வந்தாள். டேப்பு அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். சட்டத்தை இழைத்துக் குறைக்க முடியாதா என்று கேட்டார்கள். இரண்டு இஞ்ச் சட்டம், உள்பக்கம் கண்ணாடி பதித்தாயிற்று, ஓர் இஞ்ச் எடுத்தால் மூட்டு விட்டுப்போகும் என்றார் தச்சர். ஓட்டையைப் பெரிதாக்கலாமா என்றார்கள். இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற கால், அதில் கை வைக்கக்கூடாது என்றார். புதுப் பலகைக்கும் புதுக் கண்ணாடிக்கும் அவளிடம் வழியில்லை. லாரி வர ஒன்பது நாள்.

அன்றைக்கு முழுக்க டேப்பு அக்கா பழைய ரூமில் உட்கார்ந்து, துண்டோடு போனவருக்கும் வாளியோடு போனவருக்கும் காலை மடக்கி வழிவிட்டாள்.

மறுநாள் அங்கேயே ஒரு டிரைவருக்கு யூனிஃபாரம் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டை எடுத்து மார்பில் வைத்தாள், ஓரம் அடித்தாள், மேலே மூடியை வைத்தாள். கை நின்றது. மூடியைத் தூக்கினாள், மறுபடி விட்டாள். மெஷினை அப்படியே விட்டுவிட்டுத் தச்சர் கடைக்கு நடந்தாள். போகும்போது பாதிச் சட்டையும் கையில்.

"அண்ணே, இந்தப் பாக்கெட்டை நான் சட்டையில ஓட்டை போட்டா நுழைச்சேன்? மேல வெச்சுத்தானே தைச்சிருக்கேன். ஜன்னலையும் வெளிப்பக்கம் வெச்சு மாட்டுங்க. மேல கீல் போடுங்க. இந்த மூடி மாதிரி தூக்கினா திறக்கட்டும், விட்டா மூடட்டும்."

தச்சர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாப்பது வருஷத்துல நான் ஒரு ஜன்னலைக்கூட சுவருக்கு மேல மாட்டினதில்லம்மா."

"நாப்பது வருஷத்துல நானும் ஜன்னலுக்குத் தையல் விட்டதில்ல. ரெண்டு பேருக்குமே புதுசுதான், வாங்க."

மாட்டினார்கள். நாலு பக்கமும் ஓர் இஞ்ச் சுவரின்மேல் ஏறிக் கச்சிதமாகப் படிந்தது ஜன்னல். கீலுக்கு மேலே தண்ணீர் இறங்காமல் இருக்க, கித்தானை இரட்டையாக மடித்து ஒரு காலர் தைத்துத் தார் பூசி ஆணி அடித்தாள். திறந்து வைக்க ஒரு குச்சி. ஒரு சட்டத்தில் எந்தக் காலத்துப் பிள்ளையோ பேனாக்கத்தியால் 'ஏழெட்டு ஐம்பத்து நாலு' என்று கீறி வைத்திருந்தது. அதை இழைத்து எடுத்துவிடட்டுமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம், தப்புக் கணக்கு என்னோடது மட்டும் இல்லை என்று தெரியட்டும் என்றாள்.

அதன்பிறகு மீதி வேலை தன்னால் நடந்தது. திரைச்சீலைக் கடையில் துணி மாதிரிகள் ஒட்டிய பழைய புத்தகம் ஒன்றைத் தூக்கிப் போடவிருந்தார்கள். உள்ளங்கை அகலத் துண்டுகள் நூற்று அறுபது. வெளிறியது கீழே, அடர்ந்தது மேலே என்று வரிசை கட்டி இணைத்து இரண்டு திரை தைத்தாள். துணிக்கடையின் உடைமாற்றும் அறையிலிருந்து மூலை உடைந்த ஆளுயரக் கண்ணாடி வந்தது. உடைந்த மூலைக்கு நாடாவில் ஒரு பூ. பழப்பெட்டிகள் அலமாரியாயின. பட்டன் டப்பாக்கள் அதில் ஏறின. தையல் மெஷின் ஜன்னலடியில் நின்றது, முதல்முறையாக யாருக்கும் வழிவிடாமல்.

லாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மழை பிடித்தது. சொன்னபடி தம்பி குடையோடு வந்தான், பின்னாலேயே அவன் மனைவி. குடையை மடக்கி உத்தரத்து ஆணியில் மாட்டிவிட்டு அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். லாரித் தார்ப்பாய்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஒழுகல் எங்கே ஒளியும் என்று தெரிந்த கண். ஒவ்வொரு மூலையாக அண்ணாந்து பார்த்தான். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு விரலைப் பார்த்தான். பெஞ்சில் இந்தக் கோடியில் கால் மணி நேரம் உட்கார்ந்தான், நடுவில் கால் மணி, பிறகு அந்தக் கோடி. தகரத்தில் மழை கொட்டுமேளம் அடித்தது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் காலர்மேல் விழுந்து, சட்டத்தின்மேல் வழிந்து, சுவரைத் தொடாமல் கீழே போயிற்று. டேப்பு அக்கா மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து தைக்காமல் இருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தம்பி தலையைத் தடவினான். கையைப் பார்த்தான். ஈரம்.

"விழுந்துடுச்சுக்கா" என்றான். ஜெயித்தவன் குரல் இல்லை அது.

தம்பி மனைவிதான் எழுந்து வந்து அவன் தலைக்கு மேலே பார்த்தாள்.

"விழாம என்ன செய்யும்? உங்க கொடைக்கு அடியிலயே போய் உட்கார்ந்தா?"

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆணியில் தொங்கிய குடையின் நுனியில் அடுத்த சொட்டு திரண்டு, தளும்பி, தம்பியின் மூக்கில் விழுந்தது. முதலில் சிரித்தது டேப்பு அக்காதான். பதினோரு வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவர்கள் கேட்டதில்லை.

மழை விட்டதும் தம்பி வாசலில் நின்றே பழைய சாமான் வாங்குகிறவருக்குப் போன் பண்ணினான். நாளைக்கு வண்டி வேண்டாம் என்றான். அந்தப் பக்கத்தில் விலையைக் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கவேண்டும். இவன் நிமிர்ந்து நின்றுகொண்டான்.

"விலை இல்லைங்க. நீங்க பாத்த கேபின் இப்ப இல்ல. இது எங்க அக்கா வீடு."

மறுநாள் காலை அவன் வழக்கம்போல வந்து கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினான். பிறகுதான் உறைத்தது. கையை மடக்கித் தட்டினான்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நாந்தான்க்கா."

"நாந்தான்னா யாரு?"

"உன் தம்பி. உள்ள வரலாமா?"

"இரு, ஒரு ஓரம் மிச்சம் இருக்கு. அடிச்சிட்டு வரேன்."

மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் காத்திருந்தான். ஈரமாயிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், கலைந்திருந்த தலையைக் கையால் கோதினான், சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தான். மெஷின் நின்றது. புதுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம், கடையில் ஏழு பார்த்துப் பொறுக்கியெடுத்த அந்தச் சத்தம், தெளிவாகக் கேட்டது.