இடக்கையால் ஒரு கல்

சிவனேஸ்வரி ஒன்பது வயதில் ஸ்கொட்லாந்துக்கு வந்தவள். தகப்பன் பெர்த் நகரில் டொக்டர். அங்கே பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கேர்லிங் பழக்கினார்கள். பனித்தளத்தின் ஒரு முனையிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்து, இருபது கிலோக் கருங்கல்லைக் கையிலிருந்து விட்டு, மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவில் நிறுத்தவேண்டும். எதிரணி அதை இடித்து வெளியேற்றப் பார்க்கும். முதல் நாளே அவளுக்கு அது பிடித்துவிட்டது.

சட்டம் படிக்க லண்டன் வந்து, சட்டன் என்ற பகுதியில் சொலிசிட்டராகக் கந்தோர் திறந்தபோதும் அவள் கல்லை விடவில்லை. கிழமை நாட்களில் அகதி வழக்குகள், சனி ஞாயிறில் தென்லண்டன் பனித்தளம். எண்பத்தாறிலும் எண்பத்தெட்டிலும் இங்கிலாந்துப் பெண்கள் இறுதிப் போட்டிவரை போய்த் தோற்றாள். எண்பத்தொன்பதில் விழுந்து இடது முழங்கால் போய்விட்டது.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சேஷாத்ரி மதுரைக்காரர். ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

"நடக்கலாம், ஓடலாம். அந்தக் காலை மடக்கி அதுமேல சறுக்குற வேலை மட்டும் இனி கூடாதும்மா."

அதன்பிறகுதான் அவள் பயிற்சியாளர் ஆனாள். வங்கியில் வேலை செய்த தமிழ்ப் பெண் பியற்றிஸ் வேடிக்கை பார்க்க வந்து, மூன்று வருடத்தில் அணித்தலைவியாகிவிட்டாள். கண்ணாலேயே கல்லின் வழியை அளக்கிற பிள்ளை. ஜூடித் என்ற ஆசிரியையும் இரண்டு தாதிமாரும் சேர, தொண்ணூற்றிரண்டு பெப்ரவரியில் அவர்கள் தெற்குப் பிரிவுத் தகுதிப் போட்டிக்கு வந்து நின்றார்கள். ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. ஐந்தாவது ஆளாக, பேருக்கு, சிவனேஸ்வரியின் பெயரும் பட்டியலில் இருந்தது.

பத்துச் சுற்று ஆட்டத்தில் மூன்றாவது சுற்று நடக்கும்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் கையை அசைப்பது தெரிந்தது. தவநாயகி. சேலைக்கு மேல் ஆண்கள் கோட்டுப் போட்டிருந்தாள். அவள் கணவன் பரமேஸ்வரன் தடுப்பு முகாமில் இருந்தான். அவன் வழக்குச் சிவனேஸ்வரியிடம்தான்.

"அக்கா, இண்டைக்கு ரெண்டு மணிப் பிளேனில அவரை ஏத்தப் போகினமாம். காலமைதான் சொன்னவை. கந்தோர் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் நீங்கள் இங்க எண்டவர்."

"அழாதையும். நேரம் இருக்கு."

கோப்புகளைக் காரில் போட்டுக்கொண்டு திரிவது அவள் பழக்கம். பரமேஸ்வரனின் முதுகுத் தழும்புகளைப் பற்றி ஒரு வைத்தியர் எழுதிய அறிக்கை முந்தாநாள்தான் வந்திருந்தது. அதை இன்னும் எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. பனித்தள மனேஜரின் அறைக்குள் போய் மேசைத் தொலைபேசியை எடுத்தாள். பாரிஸ்டர் றெஜினோல்டை வீட்டில் பிடித்தாள். வாரவிடுமுறைக்கென்று இருக்கும் நீதிபதியிடம் அவர்தான் பேசவேண்டும். அவள் நின்றபடியே மனுவைக் கையால் எழுதி, அறிக்கையோடு சேர்த்துப் பக்கம் பக்கமாக ஃபாக்ஸில் விட்டாள்.

ஐந்தாவது பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பியற்றிஸ் ஓடி வந்தாள்.

"அக்கா, ஜூடித் விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. நீங்கள் வாங்கோ."

"இப்ப ஏலாது."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

"மூண்டு பேரா விளையாடுங்கோ. விதியில இடமிருக்கு. இதை முடிச்சிட்டு வாறன்."

பியற்றிஸ் தவநாயகியை ஒருமுறை பார்த்தாள். பனித்தளத்துக்குத் திரும்பி ஓடினாள்.

நீதிபதி இரண்டு முறை கேள்வி கேட்டனுப்பினார். இந்த அறிக்கை ஏன் இவ்வளவு பிந்தி வந்தது என்பது இரண்டாவது. வைத்தியருக்கு எழுதிய கடிதங்களின் தேதிகளை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பன்னிரண்டு பத்துக்கு நாடுகடத்தலை நிறுத்தும் உத்தரவு கிடைத்தது. பன்னிரண்டு இருபதுக்கு, பரமேஸ்வரனை ஏற்றிப்போன வாகனம் திரும்பிவிட்டதாக றெஜினோல்ட் சொன்னார். தவநாயகி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முகாமுக்குப் புறப்பட்டாள்.

சிவனேஸ்வரி சப்பாத்தை மாற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். எட்டாவது சுற்று தொடங்க இருந்தது. மூன்று பேராக நின்று சமநிலையில் பிடித்து வைத்திருந்தார்கள்.

முதல் கல்லிலேயே முழங்காலுக்குள் ஊசி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து கற்கள் விட்டாள், மோசமில்லை. பத்தாவது சுற்றில், எதிரணியின் கல்லுக்கு முன்னால் நிறுத்தவேண்டிய ஆறாவது கல்லை விடும்போது கால் மடங்க மறுத்தது. கல் பாதி வழியிலேயே சோர்ந்து நின்றது. ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

உடைமாற்றும் அறையில் பியற்றிஸ் அழுதாள்.

"நீங்கள் முதலே வந்திருந்தால் வெண்டிருப்பம்."

"ஓம், வெண்டிருக்கலாம். ஆனா வந்திருக்க மாட்டன்."

அது பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கடைசிக் கல்தான் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது. அடுத்த கிழமை டொக்டர் சேஷாத்ரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வீங்கிய காலைப் பார்த்து அவர் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"சறுக்கக் கூடாதெண்டது எந்தக் காலில, டொக்டர்?"

"இதென்ன கேள்வி? இடது கால்லதான்."

"அப்ப வலது காலில சறுக்கிறன்."

"கல்லு விடுற கைக்கு எதிர்க் கால்லதானே சறுக்கணும்? அதுக்கு நீங்க இடது கையால விளையாடணுமேம்மா."

"ஓம்."

அவர், கட்ட வேண்டிய முழங்கால் பட்டியின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

முப்பத்தைந்து வயதில் அவள் தொடக்கக்காரி ஆனாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வேறு யாரும் வருமுன், இடக்கையால் கல்லை விட்டாள். முதல் மூன்று மாதம் கல் பக்கத்துத் தளத்துக்குப் போனது. அவளிடம் பழக வந்த பத்து வயதுப் பிள்ளைகள் அவளைவிட நன்றாக விட்டார்கள். அவர்களுக்கு முன்னாலேயே விழுந்து எழும்பினாள். கந்தோரில் இடக்கையால் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். கிளார்க் சிரித்ததைக் காணாதது போல் இருந்துவிட்டாள். இரண்டாவது வருடம் கல் சொன்ன இடத்தில் நிற்கத் தொடங்கியது.

தொண்ணூற்று நான்கில் பியற்றிஸிடம் போய், "உன்ர அணியில எனக்கு இடம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"சோதிச்சுத்தான் எடுப்பன், அக்கா."

"சோதி."

பத்துக் கல் விடச் சொன்னாள் பியற்றிஸ். எட்டு சரியாக நின்றது. "முதல் கல் விடுற ஆளா வாங்கோ," என்றாள்.

தொண்ணூற்றைந்தில் அவர்கள் இங்கிலாந்துப் பெண்கள் கிண்ணத்தை எடுத்தார்கள். இறுதிப் போட்டியில் பியற்றிஸின் கடைசிக் கல் எதிரணிக் கல்லை ஒதுக்கிவிட்டு நடு வட்டத்தில் நின்றபோது, சிவனேஸ்வரி அது வழுக்கிப் போக அதற்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பரிசு வாங்கும் மேடையில் அணித்தலைவிக்கு ஒரு படி கீழே நின்றாள். அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது.