மூலக்கதை என்ற கட்டத்தில் ஒரு பெயர்

"இல்ல அங்கிள், ஃபார்ம்ல பேரு தப்பில்ல. பேரே இல்ல. அதான் பிரச்சனை."

சேதுமாதவன் அங்கிள் இன்னும் காரைக்கூட அணைக்கவில்லை. ஈசா டவுன் ஸ்கூல் வாசலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வளைகுடா ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கத்து நாடகங்களை இயக்குபவர் அவர்தான். அன்று ஞாயிறு. வியாழக்கிழமை நாடகம்.

"ஏம்மா தாரிணி, நாலு நாள்ல ஷோ. இப்பப் போயி யாரு பேரு?"

"முதல்ல எழுதினவர் பேரு."

கதையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் நான்தான். 1943இல், போர் உச்சத்தில் இருந்தபோது பெர்லினில் எடுத்த படம். பாட்டும் சிரிப்புமாக ஓடும். தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒரே ஒரு நாள் சீமாட்டியாக நடிக்கிறாள், அவ்வளவுதான் கதை. படம் முழுக்க ஒரு சிப்பாய் கிடையாது, ஒரு சைரன் கிடையாது. வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது எப்படி உள்ளே உட்கார்ந்து சிரித்தார்கள் என்று யோசித்து யோசித்தே நான்கு முறை பார்த்துவிட்டேன். அப்புறம் தொப்பிக் கடையை மனாமா அத்தர் கடையாக்கி, தமிழில் நாடகமாக எழுதினேன்.

இங்கே நாடகம் போட வேண்டுமென்றால் ஸ்கிரிப்டை ஒரு ஃபார்மோடு முன்கூட்டியே அரசு அனுமதிக்குக் கொடுக்க வேண்டும். முத்திரை விழுந்துவிட்டால் மேடையிலோ நோட்டீஸிலோ ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. சங்கம் இதில் மிகவும் கறார். ஃபார்மில் மூலக்கதை என்ற கட்டத்தில், படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். முந்தின நாள்தான், ஒரு பாட்டு வரிக்காக இணையத்தில் துழாவியபோது 1930ஆம் வருஷத்து நாடக நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. அதே கதை, அதே கதாநாயகி. எழுதியவர் ஆர்னோ ஃபெல்சன்பர்க். படத்தில் அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. யூதர் என்பதால் மேடையிலிருந்து துரத்தப்பட்டவர். ஆளைத் துரத்திவிட்டு, அவர் எழுதிய நகைச்சுவையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்தப் பேர அடுத்த வருஷம் போட்டுக்கலாம்மா," என்றார் அங்கிள்.

"அந்தப் படம் எடுத்தவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்களோ என்னமோ."

"பேசாத. மறுபடி குடுத்தா பத்து நாளாகும். ஷோ அடுத்த மாசம்தான். ஜலஜாவ யோசிச்சியா?"

யோசித்தேன். ஜலஜா ஆன்ட்டிதான் எங்கள் சீமாட்டி. பதினைந்து வருஷமாகச் சங்கத்தில் இருக்கிறார். கதாநாயகி வேஷம் இதுதான் முதல் தடவை. அவர் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், விசா கேன்சல். சனிக்கிழமை ஃபிளைட்டில் திருச்சிக்கு, ஒரேயடியாக.

அவர் வீட்டுக்கே போனேன். ஊருக்கு அனுப்பும் கார்கோ பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏண்டி, என்னைக்கோ செத்துப்போன ஆளுக்காக என்னைய மேடையிலேருந்து இறக்கப் பாக்குறியா?"

"இல்ல ஆன்ட்டி, உங்ககிட்ட கேக்கலாம்னுதான்..."

"கேட்டா நான் என்ன சொல்றது? வேணாம்னா நான் கெட்டவ." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவரு பேரு என்ன சொன்ன?"

"ஆர்னோ ஃபெல்சன்பர்க்."

"வாயிலயே நுழையல." பெட்டியின் அடுத்த மூலையில் டேப்பை ஒட்டி அழுத்தினார். "பதினஞ்சு வருஷமா எல்லா நாடகத்துக்கும் நான்தான் டிரஸ் தச்சேன். ஒருத்தராவது மைக்ல என் பேரச் சொன்னாங்களா? சொல்லிட்டா என்ன ஆயிடப் போவுதுன்னு நானும் நினைச்சதுண்டு. ஆனா ஒவ்வொரு தடவையும் காதத் தீட்டிட்டு உக்காந்திருப்பேன்." அப்புறம் சட்டென்று எழுந்தார். "குடுத்துடு போ. நம்ம கோஷ்டி அகிலாவுக்கு என் வசனமெல்லாம் மனப்பாடம், அவளே நடிக்கட்டும். அவளுக்குத்தான் அந்தச் சீமாட்டி ஜாக்கெட் பத்தாது, பிரிச்சுத் தைக்கணும்."

ஃபார்மை மறுபடி கொடுத்தேன். வியாழக்கிழமை ஷோ தள்ளிப்போனது.

புதன்கிழமை மாலை ஸ்கூலின் பழைய மியூசிக் ரூமில் ஜலஜா ஆன்ட்டி முழு வேஷத்தோடு, ஒரு காட்சி விடாமல் நடித்தார். பார்க்க இருந்தவர்கள் பதினொரு பேர், எல்லோரும் எங்கள் நாடகக் கோஷ்டிதான். ஒவ்வொரு ஜோக்கும் முன்கூட்டியே தெரியும், ஆனாலும் சிரித்தோம். முடிந்ததும் சேது அங்கிள் எழுந்து நின்று கை தட்டினார். ஆன்ட்டி எங்களைத் தாண்டி, காலி நாற்காலிகளைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

சனிக்கிழமை போய்விட்டார். இன்று அனுமதி வந்தது. கட்டத்தில் ஆர்னோ ஃபெல்சன்பர்க் என்று இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷருக்கு இது தெரியவே போவதில்லை. அரங்கம் நிறையக் கைதட்டல் கிடைக்க வேண்டிய ஜலஜா ஆன்ட்டிக்கோ, அது கிடைக்காமல் போனது நன்றாகவே தெரியும். 'குடுத்துடு' என்று அவர் மனதாரச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதுகூட எனக்குப் புரியவில்லை.

நீங்களாக இருந்தால் அந்த ஃபார்மைக் கொடுத்திருப்பீர்களா? நிஜமாகக் கேட்கிறேன், என்ன நினைக்கிறீர்கள்?